செவ்வாய்க்கிழமையில் வந்த திங்கள் மேடம்

மார்ச் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியும்போது போட்ட தூறல் எட்டு மணிக்குள் நின்றுவிட்டது. ஆனால் வானம் தெளியவில்லை. காற்று அசையாத புழுக்கம். கொடியில் போட்ட துணி போட்டபடியே ஈரமாகத் தொங்கியது. எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்து அந்த அம்மையார் இறங்கி வந்தபோது, படிக்கட்டில் எதிர்ப்பட்ட என் மனைவி, இன்று செவ்வாயாயிற்றே, நாள் மாற்றிவிட்டார்களா என்று கேட்டாள். பதினோரு ஆண்டுகளாகத் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாள்களில் மட்டுமே அந்நேரத்தில் அப்படிக்கட்டில் இறங்கியவர் அவர்.

"நாள் மாறல. இன்னிக்கு வேலைக்குப் போகல. வேலையைப் பத்திப் பேசப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிச் சென்றார்.

அவர் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பிப்பவர். வயது ஐம்பத்திரண்டு, முனைவர் பட்டம் பெற்றவர். தாயார் மறைந்தபின் அவ்வீட்டில் தனியாக வாழ்கிறார். வேறோர் ஊரில் வாழும் அக்காள் ஒருவர் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவார். அதைத் தவிர அவ்வீட்டில் பேச்சுக்குரல் கேட்பது அரிது. அவரைப் பற்றி இங்கே எழுதுவனவற்றுள் பெரும்பகுதி அவர் வாயிலாகவே அறிந்தது. எஞ்சியது அவருடைய துறையின் அலுவலக உதவியாளர் பின்னர் சொன்னது.

அவர் பகுதிநேர விரிவுரையாளர். ஒரு பருவத்திற்கென்று நியமனம் பெறுபவர். வகுப்புகள் முடியும் நாளில் அந்நியமனமும் முடிந்துவிடும். அன்று மாலை அடையாள அட்டையை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் அன்றே அடைக்கப்படும். அடுத்த பருவம் தொடங்கும்வரை உள்ள இடைவெளியில் அவர் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர் அல்லர். தொடர்ந்து பணியாற்றினார் என்று எவரும் நாளைக்கு உரிமை கோரிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த இடைவெளி ஏற்படுத்தப்பட்டது என்பதைக் கடைநிலை ஊழியர்வரை எல்லாரும் அறிவர். எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பருவம் தொடங்கியதும் புதிய எண்ணுடன் புதிய அட்டை வரும். நூலகத்தின் கணினிக்குப் பழைய எண்ணைத் தெரியாது; ஆகையால் ஒவ்வொரு முறையும் அவர் புதிய உறுப்பினர். புதிய உறுப்பினர்கள் நூலகத்தைப் பயன்படுத்தும் முறை பற்றிய அறிமுக உரையைக் கேட்டே ஆக வேண்டும் என்பது விதி. முதலாமாண்டு மாணவர்களுக்கு நடுவே அமர்ந்து, நூலை எப்படி இரவல் பெறுவது என்பதை அவர் இருபது தடவைக்குமேல் கேட்டிருக்கிறார். நூலகர் ஒருமுறை இருமிக்கொண்டு பாதியில் நின்றபோது, மீதி உரையை இவர்தாம் எழுந்து சொல்லி முடித்தார்.

நேர்காணலும் அப்படித்தான். ஒவ்வொரு பருவத்திற்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்; துறைத்தலைவர் முன்னிலையில் நேர்காணல் நடக்கும். சென்ற பருவம் முழுவதும் இவரோடு வராந்தாவில் நின்று தேநீர் அருந்தியவர், நேர்காணலன்று மேசைக்கு அப்பால் அமர்ந்துகொண்டு, "உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்று தொடங்குவார். இவரும் பெயர், படிப்பு, முன்னனுபவம் என்று முறையாகச் சொல்வார். ஒருமுறை மட்டும் இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துறைத்தலைவரும் சிரித்தார். "நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல மேடம்? நான் உங்களை மறந்துட்டாதான் உங்களை எடுக்க முடியும்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். பல ஆண்டுகளாக ஒரே பொய்யைக் கண்ணியமாகச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனவர்.

துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் கால அட்டவணையில் நிரந்தர ஆசிரியர்களின் பெயரெழுத்துகள் அச்சாகியிருக்கும். இவருடைய கட்டங்களில் மட்டும் "ப.நே." என்று இருக்கும். பகுதி நேரம் என்பதன் சுருக்கம். செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களின் கட்டங்களிலும் அதே "ப.நே." காணப்படும், ஆனால் அது வேறொருவர். இரண்டாம் பிரிவு மாணவர்களுக்கு அதே பாடத்தைக் கற்பிக்கும் மற்றொரு பகுதிநேர விரிவுரையாளர். இருவருக்கும் பொதுவாக மாடிப்படியின் அடியில், அறை என்று சொல்லத் தகாத ஒரு தடுப்புக்குள், ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் ஒதுக்கப்பட்டிருந்தன. இவர் வரும் நாளில் அவர் வாரார். அவர் வரும் நாளில் இவர் வாரார். ஐந்தாண்டுகளாக ஒரே நாற்காலியில் அமர்ந்தும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. நேர்காணல்கூட இருவருக்கும் வெவ்வேறு நாள்.

பருவந்தோறும் ஆள் மாறக்கூடுமாதலால், பகுதிநேரத்தாரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்று அலுவலக உதவியாளர் கொள்கையாகவே வைத்திருந்தார். "பேரு மனசுல ஏறுறதுக்குள்ள ஆளு போயிடறாங்க. கிழமை எங்கேயும் போகாது பாருங்க" என்பார். இவர் அவருக்குத் திங்கள் மேடம். மற்றவர் செவ்வாய் சார். காலப்போக்கில் துறைத்தலைவர் உட்பட எல்லாரும் அவ்வாறே அழைக்கலாயினர்.

செவ்வாய் சாரைப் பற்றித் திங்கள் மேடம் அறிந்தது மிகக் குறைவு. நாற்காலி எப்போதும் அடிமட்டத்துக்குத் தாழ்த்தப்பட்டிருக்கும். வந்தவுடன் அதை உயர்த்துவதே இவருடைய முதல் வேலை. ஆகவே அவர் குள்ளமானவராக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தார். மேசையின் வலப்புறம் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறை இருப்பதால் வலக்கைக்காரர். வெள்ளிக்கிழமை இழுப்பறையில் மறந்து வைத்த குளிர் தாங்கும் சால்வை திங்களன்று நான்காக மடிக்கப்பட்டிருந்ததால், பிறர் பொருளை மதிப்பவர். ஒரு மனிதரைப் பற்றி இவ்வளவு தெரிந்தும் அவர் குரல் எப்படியிருக்கும் என்று தெரியாதிருப்பது விந்தையாக இருக்கிறது என்று ஒருமுறை என் மனைவியிடம் சொன்னார்.

நிரந்தர ஆசிரியர்களுக்கென்று ஓய்வறை உண்டு. அங்கே செல்ல இவருக்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் இவர் நுழைந்தவுடன் அங்கே பேச்சு வேறு பொருளுக்குத் தாவும். பதவி உயர்வு, ஊதியக் குழு, விடுப்பு ஆகியவற்றைப் பேசிக்கொண்டிருந்தவர்கள் இவரைக் கண்டதும் வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்குவர். அது அவர்களின் இரக்கம். அவ்விரக்கத்தைத் தாங்க மாட்டாமல், இவர் பகலுணவை மாணவர் கலைந்த வகுப்பறையிலேயே, கடைசி வரிசையில் அமர்ந்து உண்பார். அங்கிருந்து பார்த்தால் கரும்பலகையில் தாம் எழுதியது எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்பதை அறிந்துகொள்ள முடிந்தது என்றும், அதன்பின் பெரிதாக எழுதலானதாகவும் சொன்னார். துறையின் ஆண்டுக் குழுப்படம் எப்போதும் ஒரு வியாழக்கிழமையில் எடுக்கப்படும். எவரும் வேண்டுமென்று செய்ததன்று. எல்லாரும் வரும் நாள் வியாழன் என்று அவர்கள் உண்மையாகவே எண்ணினர்.

இனி, நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நியமனம் முடிந்தபின்னரே தேர்வு நடைபெறும். தேர்வு முடிந்தால் விடைத்தாள்களைத் திருத்த வேண்டுமல்லவா? திருத்துபவர் பாடம் நடத்தியவரே. எனவே, பல்கலைக்கழகத்தைச் சேராதவராகிவிட்ட அந்த இடைவெளியில், பகுதிநேரத்தார் தம் விடைத்தாள் கட்டினை வீட்டுக்கு எடுத்துச் சென்று திருத்தி, அதன்மீது குறித்த கெடுவுக்குள் திருப்பித் தருவது வழக்கம். அது எந்த ஆணையிலும் எழுதப்பட்டதில்லை. திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்று எவரும் கேட்டதுமில்லை. அடுத்த நேர்காணலில் துறைத்தலைவர் உண்மையாகவே தம்மை மறந்துவிடுவார் என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர்.

வழக்கமாக, தேர்வு முடிந்த முதல் திங்களன்று இவருடைய கட்டும், மறுநாள் செவ்வாய் சாரின் கட்டும் அந்த மேசைமீது வைக்கப்படும். அதற்கென்று ஒரு மணி நேரம் உள்ளே வர வாயிலில் அனுமதிச் சீட்டு கொடுப்பர். கடந்த டிசம்பரில் அலுவலக உதவியாளருக்கு அவசரமாக விடுப்பில் போக நேர்ந்தது, மகளுக்குப் பேறுகாலம். ஆகையால் அவர் இரண்டு கட்டுகளையும் திங்களன்றே ஒரே கயிற்றில் கட்டி மேசைமீது வைத்துவிட்டுப் போனார்.

திங்கள் மேடம் வந்து பார்த்தபோது கட்டு இருமடங்கு இருந்தது. இதில் பாதி தம்முடையதன்றோ என்ற ஐயம் அவருக்கு எழாமலில்லை. எழுந்தும் அவர் எவரையும் கேட்கவில்லை. நிரந்தரப் பணியில் இருப்பவர் எவராயினும் அந்நேரமே அலுவலகத்துக்குப் போய், இது யாருடையது என்று கேட்டிருப்பார். பகுதிநேரத்தார் கேட்பதில்லை. கேட்டால், கூடுதல் வேலைக்குச் சுணங்குபவர் என்ற பெயர் வந்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு உடம்போடு ஒட்டியது. இரண்டு பைகளில் பிரித்துப் போட்டுக்கொண்டு, பேருந்தில் மடியில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாக வைத்து, மூன்று மாடி ஏறி வீடு சேர்ந்தார்.

முதல் கட்டு அவருடைய மாணவர்களுடையதே. நாணயம் சுண்டுதல், சீட்டு எடுத்தல் என்று அவர் நடத்திய எடுத்துக்காட்டுகளையே அவர்கள் எழுதியிருந்தனர். இரண்டாம் கட்டைப் பிரித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. நிகழ்தகவை விளக்கும் கேள்விக்கு முதல் மாணவர் இவ்வாறு எழுதியிருந்தார்: ஒரு வீட்டில் மூன்று குடைகள் உள்ளன, அவற்றுள் ஒன்று ஓட்டை, மாமனார் பாராமல் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். கணக்கு சரியாகப் போடப்பட்டிருந்தது. இறுதியில், "எனவே, மூன்றில் ஒரு பங்கு மாமனார் நனைவார்" என்று முடிந்திருந்தது. இரண்டாம் தாளிலும் குடை. மூன்றாம் தாளிலும் குடை. நான்காம் தாளில் மாமனாருக்கு மழைக்கோட்டும் இருந்தது. கணக்கு கொஞ்சம் சிக்கலாகியிருந்தது. அந்தப் பிரிவு முழுவதிலும் மாமனார் நனைந்துகொண்டே இருந்தார்.

அவர் அடக்கமாட்டாமல் சிரித்தார். கீழ்வீட்டில் எங்களுக்கே கேட்டது. மேலே விருந்தினர் வந்திருப்பதாக எண்ணினோம். சிரித்து ஓய்ந்தபின், இதை எவரிடம் சொல்வது என்று பார்த்தால் எவரும் இல்லை என்று சொன்னார். ஞாயிறு வரும்வரை காத்திருந்து அக்காளிடம் சொன்னார். அக்காள் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, யாரு மாமனாரு?" என்றார்.

அக்கட்டு செவ்வாய் சாருடையது என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் என்ன செய்வது? அடையாள அட்டை இல்லை. மறுமுறை உள்ளே விட மாட்டார்கள். மின்னஞ்சல் அடைபட்டுவிட்டது. செவ்வாய் சாரின் தொலைபேசி எண் மட்டுமன்று, பெயரே தெரியாது. உதவியாளர் விடுப்பில். துறைத்தலைவர் வெளியூரில். கட்டின்மீது குறித்த கெடுவோ நெருங்கியது. தவறினால் மாணவர்களின் தேர்ச்சி முடிவு நின்றுபோகும். எனவே அந்தக் கட்டையும் அவரே திருத்தினார். முதல் தாளின் ஓரத்தில், "மாமனார் ஏன்?" என்று சிறிதாக எழுதியதைத் தவிர, வேறு எதிலும் வழக்கத்தை மீறவில்லை. கெடுநாளன்று வாயிலுக்குச் சென்று, உள்ளே விடாத காவலாளியிடமே இரண்டு கட்டுகளையும் ஒப்படைத்தார். காவலாளி அவற்றை வெளியார் கொண்டுவந்த பொதிகளின் வரிசையில் வைத்தார்.

ஜனவரியில் பருவம் தொடங்கிற்று. நேர்காணல், அட்டை, நூலக உரை எல்லாம் முறைப்படி நடந்தேறின. செவ்வாய் சாருக்கு நடந்ததை விளக்கி மேசையில் ஒரு குறிப்பு வைக்க நினைத்து, எப்படி விளித்துத் தொடங்குவது என்று தெரியாமல் கிழித்துப்போட்டார். அடுத்த மாதத்தில் அலுவலக உதவியாளர் ஒரு செய்தி கொண்டுவந்தார். செவ்வாய் சார் மேலிடத்தில் மனுக் கொடுத்திருக்கிறார். இடைவெளியில் தம்மைப் போன்றோர் விடைத்தாள் திருத்துகிறார்கள்; அது வேலை; ஆகவே இடைவெளியையும் பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும் என்பது மனுவின் சாரம். பல்கலைக்கழகம் அளித்த மறுமொழியோ, திருத்துவது அவரவர் விருப்பத்தால் செய்யும் உதவி என்றது. அதோடு நில்லாமல், இந்த மனுதாரர் கடந்த முறை ஒரு தாளைக்கூடத் திருத்தவில்லை, எல்லாம் வேறொருவர் கையெழுத்தில் இருக்கின்றன என்றும் சொல்லியிருந்தது. வெளியிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வரப்போகிறாராம்.

"யாரு திருத்தினதுன்னு ஊரெல்லாம் தேடறாங்க" என்றார் உதவியாளர்.

"நான்தான்" என்றார் திங்கள் மேடம்.

உதவியாளர் வாசற்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, அந்தக் கயிற்றைக் கட்டியது தாம்தான் என்பதை மட்டும் எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த வகுப்பு நாளிலேயே துறைத்தலைவர் அழைத்தார். தம் அறையில், தமக்கு அருகே அமரச் சொன்னார். நேர்காணல் நாற்காலியன்று, பக்கத்து நாற்காலி. செய்தி நல்லது என்று தொடங்கினார். இரண்டு பகுதிநேர இடங்களையும் சேர்த்து ஒரே இடமாக ஆக்கப்போகிறார்கள். ஓராண்டு நியமனம், நடுவில் இடைவெளி இல்லை. வாரம் முழுவதும் வகுப்பு. மேசை அவருக்கே. அட்டவணையில் பெயரெழுத்தும் அச்சாகும். அந்த இடத்துக்குத் திங்கள் மேடத்தைத் தவிர வேறு எவரையும் தாம் நினைக்கவில்லை என்றார்.

திங்கள் மேடம் செவ்வாய் சாரின் நிலை என்ன என்று கேட்டார். துறைத்தலைவர் சன்னலைப் பார்த்தார்.

"அவரு மனுப் போட்டவரு. அது தனிக்கதை. உங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்க மேடம். உதவியா செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். வேலைன்னு சொன்னீங்கன்னா அப்புறம் இந்த ஓராண்டு இடம், அந்த மேசை, எதுவும் என் கையில இல்ல."

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? உங்க மனசறிஞ்சு உதவிதானே செஞ்சீங்க? அவரோட தாளை நீங்க திருத்தினது உதவியில்லாம வேறென்ன?"

அவ்வினாவில் ஓரளவு நியாயம் இருந்ததுதான் அவரை வருத்தியது. இரண்டாம் கட்டைத் திருத்தியது அச்சத்தாலா, கெடுவினாலா, கடமையாலா, அல்லது அந்தக் குடைகளுக்காகவா என்று பல நாள் எண்ணிப் பார்த்தார். மேசையின் ஆசையும் பொல்லாதது. வெள்ளியன்று வைத்த நூல் திங்களன்று வைத்த இடத்திலேயே இருப்பது. நாற்காலி தம் உயரத்திலேயே நிற்பது. யாரேனும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தம் பெயரெழுத்தைப் படிப்பது. இவற்றையெல்லாம் அவர் என் மனைவியிடம் மிக மெல்லிய குரலில், கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்பவர்போலச் சொன்னார். ஞாயிறன்று அக்காளிடமும் சொன்னார்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? யாருன்னே தெரியாத மனுஷனுக்காகக் கைக்கு வந்ததை விடுவியா?" என்றார் அக்காள்.

"அவருக்காக இல்லக்கா."

"பின்ன யாருக்காக?"

இவர், அங்கே மழை உண்டா என்று கேட்டுப் பேச்சை மாற்றினார்.

விசாரணைக்குப் போன அந்தச் செவ்வாய்க்கிழமையில் அவ்வளாகம் வேறோர் இடம்போல இருந்தது என்று அவர் சொன்னார். வாயிலில் வேறு காவலாளி; வராந்தாவில் அறியாத முகங்கள். மாடியில் விசாரணை அறைக்கு வெளியே இரண்டு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. ஒன்றில் மிக உயரமான ஒருவர் கால்களை நெடுக நீட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நீங்கதானே மாமனாரைப் பத்தி விசாரிச்சவங்க?" என்று கேட்டார்.

குள்ளமானவர் என்று ஐந்தாண்டுகளாக நம்பியவர் இப்படி நின்றதில் திங்கள் மேடம் தடுமாறிவிட்டார். நாற்காலியை ஏன் அவ்வளவு தாழ்த்துகிறீர்கள் என்பதையே முதலில் கேட்டார். உயர்த்தினால் முழங்கால் மேசையில் இடிக்கிறது, தாழ்த்தினால்தான் காலை நீட்டிக்கொள்ள முடிகிறது என்றார் அவர். அடுத்து, கட்டு மாறியதற்கு இவர் மன்னிப்புக் கேட்டார். அதற்கு அவர், செவ்வாயன்று வந்து கட்டைக் காணாமல், தம்மை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றே எண்ணி வீட்டுக்குப் போய்விட்டதாகவும், எவரையும் கேட்கவில்லை என்றும் சொன்னார். இருவரும் சற்றே சிரித்தனர்.

"விசாரணைக்காக அந்தத் தாளைக் காட்டினாங்க. ஓரத்துல மாமனார் ஏன்னு கேட்டிருந்தீங்க. எங்க வீட்டுல சொல்லிக்காம வெளிய போறவரு அவரு ஒருத்தர்தான். இனிமே அவர் கடையிலதான் உட்காரப் போறேன். பேசி முடிச்சாச்சு. அடுத்த மாசம் ஊருக்குக் கிளம்பறோம்."

"அப்ப இந்த மனு?"

"வாபஸ் வாங்கினா நான் சொன்னது பொய்னு ஆயிடும். அதனால விட்டு வச்சிருக்கேன். மேடம், உங்களுக்கு அந்த ஓராண்டு இடம் வருதுன்னு கேள்விப்பட்டேன். எனக்காக நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உதவின்னே சொல்லிடுங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆயினும் அச்சொற்களைக் கேட்டதும் தமக்குள் ஏதோ ஒன்று வெறுமையாகிவிட்டது என்றார் திங்கள் மேடம். உண்மை சொன்னால் ஒருவருக்குப் பயன்படும் என்று ஒரு பிடிமானம் இருந்தது; அது போயிற்று. இனி நாற்காலியை மறுபாதி நாள்களில் தாழ்த்தி வைப்பவர்கூட இரார். ஐந்தாண்டுகள் காத்து, ஒரு கால்மணி நேரம் பேசக் கிடைத்த ஒரே சக ஆசிரியர், விடைபெற்றுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அழைப்பு வந்தது.

விசாரணை அறையில் நீண்ட மேசை. மறுகோடியில் துறைத்தலைவர் ஒரு கோப்பைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். விசாரணை அதிகாரி நரைத்த தலையுடைய ஓர் அம்மையார். பக்கத்தில் கணினியோடு ஒரு தட்டச்சர். அதிகாரி அவசரப்படவில்லை. கட்டு எப்படிக் கையில் வந்தது, எப்போது தவறு தெரிந்தது, தெரிந்தபின் ஏன் திருத்தினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திங்கள் மேடம் ஒவ்வொன்றுக்கும் நடந்ததை நடந்தபடி சொன்னார். கயிற்றைக் கட்டியவர் யார் என்று கேட்டபோது மட்டும், தாம் வருமுன்பே அது கட்டப்பட்டிருந்தது என்றார், அதுவும் உண்மையே.

பிறகு அதிகாரி, அது உதவியா, வேலையா என்று கேட்டார். துறைத்தலைவர் கோப்பிலிருந்து தலையை உயர்த்தவில்லை. ஆனால் பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்தினார்.

திங்கள் மேடம் அதற்கு முன் வேறொன்றைச் சொன்னார். முந்தைய ஆண்டில் காய்ச்சலால் தம் கட்டை இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்ததையும், அதற்காகத் தேர்வுப் பிரிவிலிருந்து தம்மைத் தொலைபேசியில் அழைத்துக் கண்டித்ததையும் சொன்னார். தாயாரின் நோய்க்காலத்தில் எதிர்வீட்டார் செய்த உதவியைத் தாம் பெற்றதுண்டு. ஒருநாள் அவர்கள் வர இயலாதபோது தாம் கண்டித்ததில்லை என்றார். உதவிக்குக் கெடு இல்லை. கெடு குறித்துக் கொடுப்பது வேலைக்கு மட்டுமே. தம் கட்டுக்கும் கெடு குறித்திருந்தது. மாறி வந்த கட்டுக்கும் குறித்திருந்தது. இரண்டும் வேலையே என்றார்.

தட்டச்சர் அடிக்கத் தொடங்கினார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மேசைமீது மூடி வைத்திருந்த தண்ணீர்க் கோப்பையைத் திங்கள் மேடத்தின் பக்கமாக நகர்த்தினார்.

"ஒரு நிமிஷம்மா. நீங்க சொன்னதை இப்படியே பதிஞ்சா, அந்த ஓராண்டு இடம் உங்களுக்கு வரும்னு என்னால சொல்ல முடியாது. அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவாங்களான்னுகூடச் சொல்ல முடியாது. மாத்திச் சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. வேலைன்னே எழுதிக்கலாமா?"

"எழுதிக்குங்க மேடம்."